ரெட்டிட்டை விட்டுக் கிளம்பினால் போய்ச் சேர வீடு இருக்கிறதா?

#1 குறிஞ்சிமலர்

ரெட்டிட்டில் குழு நடத்துகிறவர்கள் அடிக்கடி கேட்கிற கேள்வி இது. ஒருமுறை உட்கார்ந்து தெளிவாகப் பேசிவிடலாம் என்றுதான் இந்த இழை.

ரெட்டிட் போலவே சுட்டிகளைப் பகிர்ந்து ஓட்டுப் போடும் தளமான டிக், ஆகஸ்ட் 2010-இல் தன் நான்காம் பதிப்பை வெளியிட்டது. அதோடு அது சரிந்தது. 2012-இல் வெறும் 5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அங்கிருந்து கிளம்பிய கூட்டத்தில் பெரும்பகுதி ரெட்டிட்டில்தான் போய்ச் சேர்ந்தது. ஜூன் 2023-இல் ரெட்டிட்டின் முறை வந்தது. ஏபிஐ (வெளிச் செயலிகள் தளத்தின் தரவை எடுக்கும் வழி) கட்டணத்தை எதிர்த்து 8,000-க்கும் மேற்பட்ட சப்ரெட்டிட்டுகள் (ரெட்டிட்டுக்குள் இருக்கும் தலைப்புவாரிக் குழுக்கள்) கதவடைத்தன. லெம்மி, கேபின், டைல்ட்ஸ் என்று மாற்றுகளும் இருந்தன. ஆனால் அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டில் ரெட்டிட்டின் தினசரிப் பயனர் எண்ணிக்கை 7.31 கோடி. அடுத்த ஆண்டு அதே காலாண்டில் 10.17 கோடி.

இரண்டிலும் கோபம் ஒன்றுதான், விளைவு மட்டும் ஏன் நேர்மாறு? இன்று ஒரு சிறு குழு கிளம்ப நினைத்தால் என்ன செய்ய வேண்டும், எங்கே இடறும்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். "மக்கள் சோம்பேறிகள்" என்ற பதில் மட்டும் வேண்டாம்.

---

#2 கம்பிவேலி

டிக் விழுந்த கதையைப் பலரும் பாதிதான் சொல்கிறார்கள். நான்காம் பதிப்பில், பிடிக்காத பதிவைக் கீழே தள்ளும் 'புதை' பொத்தானை எடுத்தார்கள். செய்தி நிறுவனங்கள் தங்கள் ஆர்எஸ்எஸ் ஓடையிலிருந்து நேரடியாகவே பதிவுகளைக் கொட்ட வழி செய்தார்கள். தரவுத்தளத்தையும் அதே நேரத்தில் மாற்றியதால் தளம் அடிக்கடி படுத்தது. பயனர்கள் முதல் பக்கம் முழுக்க ரெட்டிட் சுட்டிகளாக நிரப்பினார்கள். இதெல்லாம் டிக்கின் தவறு.

மறுபாதி ரெட்டிட்டின் பக்கம் இருக்கிறது. 2010-இல் ரெட்டிட்டுக்கு ஐந்து வயது. 2005-லேயே கமெண்ட் வசதி வந்துவிட்டது, 2008-இல் யார் வேண்டுமானாலும் சப்ரெட்டிட் தொடங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். டிக்கிலிருந்து போனவன் அடுப்பு எரிந்துகொண்டிருந்த வீட்டுக்குள் போனான். அவன் பதிவு போட்ட அன்றே பதில் சொல்ல ஆள் இருந்தது. அந்த வீட்டுக்கும் தொடக்கத்தில் ஆள் கிடையாது என்பது வேறு விஷயம். நிறுவனர்களே பல பெயர்களில் கணக்கு வைத்துப் பதிவு போட்டு முதல் பக்கத்தை நிரப்பியதாக அவர்களில் ஒருவரான ஸ்டீவ் ஹஃப்மன் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார்.

ஆக, என் பதில் இதுதான். பெரிய தளம் தவறு செய்கிற நாளில் அதை நம்பிப் புதிய தளம் தொடங்கக் கூடாது. அந்த நாள் வரும்போது சின்னதாக இருந்தாலும் நாலைந்து வருடம் குடியிருந்த தளமாக அது இருக்க வேண்டும்.

---

#3 தென்னங்கீற்று

குடியிருந்த வீடு வேண்டும் என்பது எல்லா இடத்திலும் பொருந்தாது, கம்பிவேலி. ஃப்ரீநோட் என்ற ஐஆர்சி அரட்டை நெட்வொர்க்கை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டற்ற மென்பொருள் உலகத்தின் அரட்டையில் பெரும்பகுதி அங்கேதான் நடந்தது. 19 மே 2021 அன்று, நெட்வொர்க்கின் கட்டுப்பாடு யார் கையில் என்ற தகராறில் அதன் தன்னார்வ ஊழியர்கள் கூட்டமாக விலகினார்கள். அன்றைக்கே லிபெரா சாட் என்ற புதிய நெட்வொர்க் தொடங்கியது. வீடு புத்தம் புதுசு, ஒருநாள் கூட யாரும் குடியிருக்கவில்லை. சில வாரங்களில் உபுண்டு, ஜென்டூ, விக்கிமீடியா எல்லாம் அங்கே போய்விட்டன. ஃப்ரீநோட் நிர்வாகம் தலைப்பில் 'லிபெரா' என்ற சொல் இருந்த நூற்றுக்கணக்கான சேனல்களைக் கைப்பற்றியது, ஜூனில் பதிவுகள் அடங்கிய தரவுத்தளத்தையே காலி செய்தது. எஞ்சியிருந்தவர்களும் கிளம்பினார்கள்.

ஏன் முடிந்தது? பயனர் செய்ய வேண்டிய வேலையைப் பாருங்கள். அதே ஐஆர்சி செயலி, அதே சேனல் பெயர். அமைப்பில் சர்வர் முகவரியை மாற்றி, போர்ட் 6697 கொடுத்து, நிக்செர்வ் என்ற பெயர்ப்பதிவுச் சேவையில் பெயரைப் பதிந்தால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலை, புதிதாகக் கற்க எதுவுமில்லை. கூடவே, ஸ்பேமை விரட்டுகிறவர்கள், சர்வரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், சேனல் உரிமைத் தகராறைத் தீர்க்கிறவர்கள் என்று நெட்வொர்க்கை நடத்திய கைகள் எல்லாமே ஒரே நாளில் இடம் மாறின.

ரெட்டிட்டில் கோபப்பட்ட மாடரேட்டர்கள் குழுக்களை நடத்தினார்களே தவிர, தளத்தை நடத்தவில்லை. சர்வரும் கணக்குகளும் செயலிக்கான வழியும் கம்பெனி கையில். அந்த வித்தியாசம்தான் விளைவையும் மாற்றியது.

---

#4 கணக்குப்பிள்ளை

செயலி விஷயத்தை எண்களோடு சொல்கிறேன், ஏனென்றால் 2023 சண்டையின் மையமே அதுதான்.

ரெட்டிட் வைத்த விலை 1,000 ஏபிஐ அழைப்புக்கு 0.24 டாலர். ரெட்டிட்டைப் படிக்க உதவிய அப்பல்லோ என்ற வெளிச் செயலியை எழுதியவர் கொடுத்த கணக்கின்படி ஒரு பயனர் நாளுக்குச் சராசரி 344 அழைப்பு. மாதத்துக்கு 10,320, அதாவது ஆளுக்குச் சுமார் இரண்டரை டாலர். மொத்தச் செயலிக்கும் மாதம் 700 கோடி அழைப்பு. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர். விலை தெரியவந்தது மே 31. அமலுக்கு வந்தது ஜூலை 1. ஆண்டுச் சந்தா ஏற்கெனவே கட்டிவிட்ட பயனர்களை வைத்துக்கொண்டு முப்பது நாளில் விலையைத் திருத்துவது மிகக் கடினம். அதனால்தான் அப்பல்லோவை ஜூன் 30-இல் மூடினார்கள். ரிலே, நார்வால் மாதிரி சில சந்தா முறைக்கு மாறிப் பிழைத்தன.

இதில் கவனிக்க வேண்டியது: சிங்க், பூஸ்ட் இரண்டு செயலிகளையும் எழுதியவர்கள் பிறகு லெம்மிக்கு அதே முகத்தோடு செயலி கொண்டுவந்தார்கள். தென்னங்கீற்று சொல்கிற 'கை பழகிய செயலி' அப்போது கிடைத்தது. ஆனால் கோபம் உச்சத்தில் இருந்த ஜூன் இரண்டாம் வாரத்தில் அது கையில் இல்லை. வந்தவர்கள் உலாவியில், திணறுகிற ஒரு தளத்தில், பல தனிச் சர்வர்களாகப் பிரிந்திருக்கும் லெம்மியில் எந்தச் சர்வரில் சேருவது என்று தெரியாமல் நின்றார்கள்.

---

#5 ரஸ்ட்_ராமையா

"திணறுகிற தளம்" என்றது முழு உண்மை. லெம்மி 2019-இலிருந்து இருக்கிறது, ரஸ்ட் மொழியில் எழுதியது, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம், சர்வர்கள் ஒன்றோடொன்று பதிவுகளைப் பகிர்ந்துகொள்ள ஆக்டிவிட்டிபப் நெறிமுறை. முழுநேரம் உழைத்தவர்கள் இருவர்தான். ஜூன் 2023-இல் என்னென்ன உடைந்தது என்று தெரிந்தால், நாளைக்குத் தளம் கட்டுகிறவர்களுக்கு உதவும்.

அப்போது இடைமுகம் வெப்சாக்கெட்டில் ஓடியது. பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிரந்தர இணைப்பு. கூட்டம் ஏறியதும் சர்வர் மூச்சு வாங்கியது. நாம் படித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ போட்ட பதிவுகள் பக்கத்தின் மேலே வந்து குதிக்கும். 0.18 பதிப்பில் வெப்சாக்கெட்டைத் தூக்கிவிட்டுச் சாதாரண எச்டிடிபிக்கு மாறினார்கள். அந்த அவசரத்தில் கேப்ச்சாவும் (சேருகிறவர் மனிதரா பாட்டா என்று பார்க்கும் சோதனை) போயிற்று. சரியாக அந்த நேரத்தில்தான் பாட்கள் ஆயிரக்கணக்கில் கணக்கு திறந்துகொண்டிருந்தன. கேப்ச்சா திரும்ப வந்தது 0.18.1-இல்.

இன்னொன்று, நுணுக்கமானது. ஒவ்வொரு சர்வரும் தனக்குத் தெரிந்த எல்லாச் சர்வர்களுக்கும் புள்ளிவிவர அட்டவணையில் ஒவ்வொரு வரி வைத்திருக்கும். ஒருவர் கமெண்ட் எழுதினால் நம் சர்வரின் ஒரு வரியில் மட்டும் ஒன்று கூட்ட வேண்டும். அதற்கான டிரிக்கரில் (தரவுத்தளத்தில் தானாக ஓடும் கட்டளை) வரம்பு விடுபட்டிருந்ததால், ஒரே கமெண்டுக்கு எல்லா வரிகளும் திருத்தப்பட்டன. பத்துப் பேர் இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை. ஆயிரக்கணக்கானோர் வந்ததும் டிஸ்க் எழுத்து எகிறியது. புதிய இயந்திரம் வாங்கிப் போட்டும் பயன் இல்லாமல், வினவலைத் தேடிப் பார்த்தபோதுதான் அகப்பட்டது.

ஜூலை 10-இல் லெம்மியின் பெரிய சர்வரான லெம்மி.வேர்ல்ட் தாக்கப்பட்டது: தனிப்பயன் எமோஜி காட்டும் இடத்தில் இருந்த ஓட்டை வழியே ஸ்கிரிப்ட் ஓடி நிர்வாகியின் நுழைவுச் சாவி திருடுபோனது. அந்தச் சர்வர் தொடங்கியதே ஜூன் 1. நாற்பது நாள் குழந்தையின் தலையில் எவ்வளவு பாரம் ஏறியது பாருங்கள்.

எண்ணிக்கை மட்டும் பார்த்தால் லெம்மி தோற்றது போலத் தெரியும். மாதப் பயனர்கள் சில பத்தாயிரங்கள்தான். ஆனால் அது இன்றும் ஓடுகிறது. ரெட்டிட்டுக்கு மாற்றாக வந்த வோட், இம்சி, கேபின் எதுவும் இன்று இல்லை.

---

#6 மாலைவெயில்

வோட்டைச் சும்மா தாண்டிப் போகாதீர்கள். 2015 ஜூன், ஜூலையில் ரெட்டிட்டில் இரண்டு பிரச்சினை அடுத்தடுத்து வந்தது. முதலில் வெறுப்புக் குழுக்கள் சிலவற்றைத் தடை செய்தார்கள். பிறகு, நேர்காணல்களை ஒருங்கிணைத்த ஊழியரை நீக்கினார்கள். அதற்குப் பெரிய குழுக்கள் கதவடைத்தன. வோட் இரண்டு அலையையும் வாங்கிக்கொண்டது, சர்வர் படுத்தே கிடந்தது. முதல் அலையில் வந்தவர்கள் தடை செய்யப்பட்ட கூட்டம். இரண்டாம் அலையில் நியாயமான கோபத்தோடு வந்தவர்கள் முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கடைசியில் பணம் நின்று 25 டிசம்பர் 2020 அன்று மூடப்பட்டது.

முதல் ஐந்நூறு பேர் யார் என்பதுதான் தளத்தின் குணம். டைல்ட்ஸ் இதைப் புரிந்துகொண்ட தளம். ரெட்டிட்டில் விதிமீறும் பதிவுகளைத் தானாகப் பிடிக்கும் ஆட்டோமாடரேட்டரை உருவாக்கியவரே 2018-இல் தொடங்கினார். அழைப்பு இருந்தால்தான் சேர முடியும், டவுன்வோட் கிடையாது. வளரவில்லை என்று குறை சொல்வார்கள். வளர வேண்டும் என்று அவர் தொடங்கவே இல்லை.

---

#7 குறிஞ்சிமலர்

மிக்க நன்றி எல்லாருக்கும். இப்போது நடைமுறைக்கு வரலாம். 5,000 உறுப்பினர் உள்ள ஒரு பொழுதுபோக்குக் குழு: வீட்டுத் தோட்டம், பழைய வானொலி ரிப்பேர், இப்படி ஏதோ ஒன்று. லெம்மிக்கோ, அதே வகைத் தளமான பைஃபெட்டுக்கோ போக நினைக்கிறார்கள். முதல் அடி எங்கே?

---

#8 அஞ்சறைப்பெட்டி

முதலில் தலைகளை எண்ணுங்கள். பழைய 90-9-1 விதி (நூற்றில் 90 பேர் படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவர் தொடர்ந்து எழுதுவார்) குத்துமதிப்புதான், ஆனாலும் உதவும். 5,000 பேரில் தொடர்ந்து எழுதுகிறவர்கள் ஐம்பது பேர் இருக்கலாம். கிளம்பும்போது அந்த ஐம்பதில் பாதி வந்தாலே நல்லது. ஆகவே அறிவிப்பை 5,000 பேருக்குப் போடுவதற்கு முன், அந்த ஐம்பது பேரிடம் தனித்தனியாகப் பேசி 20 பேராவது "வருகிறேன்" என்று சொல்லும்வரை நகராதீர்கள்.

அடுத்து சர்வர். சொந்தமாகத் தொடங்குவதற்கு முன் இருக்கிற சர்வர்களில் ஒன்றைப் பாருங்கள். நிர்வாகிகள் எத்தனை பேர்? ஒருவர் மட்டும் என்றால் வேண்டாம். கேபின் ஒரே டெவலப்பரின் தோளில் நின்றது. 2024-இல் அதன் முதன்மைத் தளம் அணைந்தே போயிற்று, குறிமுறையை எம்பின் என்ற கிளை காப்பாற்றியது. பிறகு, அந்தச் சர்வர் யார் யாரைத் துண்டித்திருக்கிறது என்று அதன் இணைப்புப் பட்டியல் பக்கத்தில் தெரியும். ஜூன் 2023-இல் பீஹா என்ற லெம்மி சர்வர், லெம்மி.வேர்ல்டையும் இன்னொரு பெரிய சர்வரையும் துண்டித்தது. அங்கே கட்டுப்பாடில்லாமல் யாரும் கணக்கு திறக்க முடிந்ததால் வந்த தொல்லையை நான்கைந்து பேரால் சமாளிக்க முடியவில்லை என்பது காரணம். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் அங்கே குழு வைத்திருந்தவர்களுக்குப் ஏராளமான வாசகர்கள் ஒரே இரவில் போனார்கள்.

ஒரே பெயரில் ஏற்கெனவே குழு இருக்கிறதா என்றும் தேடுங்கள். 'டெக்னாலஜி' என்று மூன்று பெரிய சர்வர்களில் மூன்று குழு இருந்தது; ஒரே செய்தி மூன்று இடத்தில், ஒவ்வொன்றின் கீழும் நான்கு கமெண்ட். பன்னிரண்டு பேர் ஒன்றாகப் பேசியிருக்க வேண்டியது. பைஃபெட் ஒரே சுட்டிக்குக் கீழ் வந்த கமெண்டுகளைச் சேர்த்துக் காட்டுகிறது, அது நல்ல தீர்வு. ஏற்கெனவே குழு இருந்தால் அதன் மாடரேட்டரோடு பேசிச் சேர்ந்துகொள்வது மேல்.

பிறகு உள்ளடக்கம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ரெட்டிட்டிலிருந்து பதிவுகளை பாட் வைத்து நகலெடுத்துக் கொட்டினால் குழு நிரம்பியது போலத் தெரியும். அதற்கென்றே சர்வர்கள் இருந்தன. கேள்வி கேட்டவர் அங்கே இல்லை, பதில் சொன்னாலும் படிக்கமாட்டார்; கமெண்ட் பூஜ்யமாகவே இருக்கும், மற்றவர்கள் அந்த பாட்டைத் தடுத்துவிட்டுப் போவார்கள். சட்டத்திலும் இடிக்கிறது: ரெட்டிட்டில் எழுதியதன் பதிப்புரிமை எழுதியவருடையது, அவர் உரிமம் கொடுத்தது ரெட்டிட்டுக்கு, உங்களுக்கு இல்லை. நீங்கள் எழுதிய விக்கிப் பக்கங்கள், அடிக்கடி கேட்கும் கேள்விகளுக்கான பதில்கள், இவற்றை எடுத்துப் போங்கள். இரண்டு இடத்திலும் மார்க்டவுன் என்ற ஒரே எழுத்து வடிவம் என்பதால் அப்படியே ஒட்டும். அட்டவணையும் உள்சுட்டிகளும் மட்டும் கையால் சரிபார்க்க வேண்டும்.

பழைய பதிவுகளின் சுட்டிகளைச் சேமிக்க நினைத்தால் இப்போதே தொடங்குங்கள். ஏபிஐ பட்டியல் எதுவும் 1,000 பதிவுக்கு மேல் பின்னே போகாது. முழு வரலாற்றையும் தேடித் தந்த புஷ்ஷிஃப்டின் வழியை மே 2023-லேயே அடைத்துவிட்டார்கள்.

---

#9 ரஸ்ட்_ராமையா

அஞ்சறைப்பெட்டி சொன்னதோடு வரிசைப்படுத்தும் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இது தெரியாமல் பல குழுக்கள் முதல் மாதத்திலேயே செத்துப்போகின்றன.

லெம்மியின் 'ஹாட்' வரிசை, ஓட்டுகளோடு 2 கூட்டி, அதன் லாகரிதத்தை நேரத்தால் வகுக்கிறது. நேரம் என்றால் பதிவு போட்டு எத்தனை மணி நேரம் ஆனதோ அதோடு 2 கூட்டி, 1.8 அடுக்கு. சுமார் 8 ஓட்டு வாங்கினால் லாகரிதம் 1. அது 2 ஆக வேண்டுமென்றால் சுமார் 98 ஓட்டு வேண்டும். வகுக்கும் எண்ணோ 2 மணி நேரத்தில் 12, 6 மணி நேரத்தில் 42, ஒரு நாளில் 350-ஐத் தாண்டும். அதாவது 2 மணி நேரத்துக்கு முன் போட்டு 8 ஓட்டு வாங்கிய பதிவு, 6 மணி நேரத்துக்கு முன் போட்டு 98 ஓட்டு வாங்கியதற்கு மேலே நிற்கும்.

இதிலிருந்து என்ன செய்யலாம்? இருபது பேரும் தொடக்க நாளன்று ஆளுக்கொரு பதிவு போட்டால் எல்லாம் ஒரே நாளில் மூழ்கும், மறுநாள் குழு வெறிச்சோடும். நாளுக்கு இரண்டு பதிவு, காலையில் ஒன்று மாலையில் ஒன்று, பத்து நாளுக்குப் பிரித்துப் போடுங்கள். பதிவு போட்ட இரண்டு மணி நேரத்துக்குள் நாலைந்து பேர் உண்மையாகவே படித்துக் கமெண்ட் எழுதினால் போதும், மற்ற சர்வர்க்காரர்கள் கண்ணில் படும். 0.19 பதிப்பில் 'ஸ்கேல்ட்' என்ற வரிசை வந்தது; குழுவின் அளவையும் கணக்கில் எடுப்பதால் சிறு குழுக்களின் பதிவு மேலே வரும். உறுப்பினர்களை அதையே இயல்பு வரிசையாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொரு இடறல்: வேறு சர்வரிலிருந்து உங்கள் குழுவை முதன்முதலில் தேடுகிறவருக்கு அது காலியாகவே தெரியும். ஆச்சரியக்குறி, குழுப் பெயர், @, சர்வர் பெயர் என்று முழுதாகத் தேடல் பெட்டியில் இட்டு, சில விநாடி பொறுத்து மறுபடி தேட வேண்டும். அப்போதும் அண்மைப் பதிவுகள் சிலதான் வரும், பழைய கமெண்டுகள் வராது. அந்தச் சர்வரில் ஒருவராவது சேர்ந்த பிறகுதான் புதியவை ஓட ஆரம்பிக்கும். "உள்ளே ஒன்றுமே இல்லையே" என்று திரும்பிப் போகிறவர்களில் பாதிப் பேர் இதனால்தான் போகிறார்கள். அறிவிப்பில் இந்த நான்கு வரியைக் கட்டாயம் எழுதுங்கள்.

---

#10 தென்னங்கீற்று

ராமையா, ஆஸ்திரேலிய சர்வர்கள் நாட்கணக்கில் பின்தங்கியது பற்றியும் சொல்லிவிடுங்கள். இந்தியாவில் சர்வர் வைக்க நினைப்பவர்களுக்கு அது நேரடியாகப் பொருந்தும்.

---

#11 ரஸ்ட்_ராமையா

சரியாக நினைவூட்டினீர்கள். ஒவ்வொரு பதிவும், கமெண்டும், ஓட்டும் தனித்தனிச் செய்தியாக, சேர்ந்திருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் போகிறது. 0.19-இல் எதுவும் தொலையாமல் இருக்க வரிசை வைத்தார்கள்: ஒரு செய்தி போய், பெற்றுக்கொண்டேன் என்று பதில் வந்த பிறகே அடுத்தது. ஐரோப்பாவுக்குள் இது பிரச்சினையே இல்லை. தூரம் கூடினால் கணக்கு மாறும். போய்வர ஒரு விநாடியில் மூன்றில் ஒரு பங்கு பிடிக்கிறது என்று வையுங்கள்; விநாடிக்கு 3 செய்தி, நாளுக்கு 2,59,200. பெரிய சர்வர் விநாடிக்கு 4 அனுப்ப வேண்டியிருந்தால், ஒவ்வொரு விநாடிக்கும் ஒன்று தேங்கும். ஒரு நாளில் 86,400 பாக்கி. 2024-இல் ஆஸ்திரேலியாவில் இருந்தவர்கள் லெம்மி.வேர்ல்டின் விவாதங்களைச் சில நாள் கழித்தே பார்த்தார்கள். இயந்திர வேகம் எத்தனை கூட்டினாலும் தூரம் குறையாது. 0.19.6-இல் ஒரே நேரத்தில் பல செய்தி அனுப்பும் வசதி வந்தது. ஆனால் அதை இயக்க வேண்டியது அனுப்புகிற பெரிய சர்வர். நாம் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

சொந்த சர்வர் என்றால் சின்னக் குழுவுக்கு 2 ஜிபி ராம் போதும். பல நிரல்களை ஒன்றாக இயக்கும் டாக்கர் கம்போஸில் லெம்மி, இடைமுகம், போஸ்ட்கிரெஸ், படங்களுக்கான பிக்ட்-ஆர்எஸ், முன்னால் என்ஜின்எக்ஸ். கவனிக்க வேண்டியவை மூன்றுதான். டொமைன் பெயரைப் பிறகு மாற்ற முடியாது, எல்லா அடையாளமும் அதில் கட்டப்பட்டிருக்கிறது. பல கிளவுட் நிறுவனங்கள் போர்ட் 25-ஐ அடைத்து வைத்திருப்பதால் கணக்கை உறுதிசெய்யும் அஞ்சல் போகாது, வேறு அஞ்சல் சேவை வழியாக 587-இல் அனுப்பி, அஞ்சல் உண்மையானது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டையும் சரிசெய்யுங்கள். காப்புப் பிரதி எடுக்கும்போது தரவுத்தளம் மட்டும் எடுத்துவிட்டுப் படக் கோப்புறையை மறந்தால், மீட்டெடுத்த பின் எல்லாப் படமும் உடைந்து கிடக்கும்.

---

#12 தராசு

படங்கள் என்றதால் சொல்கிறேன், இதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆகஸ்ட் 2023 இறுதியில் லெம்மியின் ஒரு பெரிய குழுவில் சிறார் பாலியல் வன்கொடுமைப் படங்களைத் திட்டமிட்டுப் பதிவேற்றினார்கள். சர்வர்களை இணைக்கும் ஃபெடரேஷன் வழியே அவற்றின் சிறுபடங்கள், இணைந்திருந்த மற்றச் சர்வர்களின் டிஸ்கிலும் தானாகவே வந்து விழுந்தன. தன் வீட்டு மேசையில் சர்வர் வைத்திருந்தவர்கள் எந்தத் தவறும் செய்யாமல் சட்டச் சிக்கலின் வாசலில் நின்றார்கள். வெளிப் படங்களைச் சேமிக்கும் வசதியை அணைத்து வையுங்கள். பதிவேற்றத்தைப் பழகிய உறுப்பினர்களுக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

இந்தியாவில் 2021 தகவல் தொழில்நுட்ப விதிகள்படி, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஆம் பிரிவு தரும் பாதுகாப்பு (பயனர் போட்ட பதிவுக்குத் தளம் பொறுப்பல்ல என்பது) வேண்டுமென்றால் குறைதீர் அலுவலரின் பெயரும் தொடர்பு முகவரியும் தளத்தில் இருக்க வேண்டும். சிறிய தளம் என்று விலக்கு இல்லை. 50 லட்சம் பயனர் என்ற எல்லை கூடுதல் கடமைகளுக்குத்தான். பிரிட்டனின் இணையப் பாதுகாப்புச் சட்டக் கடமைகள் 17 மார்ச் 2025 அன்று அமலானபோது, வருடக்கணக்காக ஓடிய சிறு ஃபோரம்கள் சில மூட முடிவெடுத்தன. அபராத உச்சம் 1.8 கோடி பவுண்டு அல்லது உலக வருவாயில் 10 சதவீதம், எது அதிகமோ அது. பெரிய தளத்துக்கு வழக்கறிஞர் படை இருக்கிறது. சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்கு ஃபோரம் நடத்தும் ஒரு தனி மனிதர் இடர் மதிப்பீட்டு அறிக்கை எழுத வேண்டுமென்றால் எத்தனை நாள் தாங்குவார்? பெரிய கம்பெனிகளைக் கட்டுப்படுத்த வந்த சட்டம் அவர்களுக்கே மதில் கட்டித் தருவது எனக்கு மிகுந்த வருத்தம்.

---

#13 கம்பிவேலி

தென்னங்கீற்றுக்கு: ஃப்ரீநோட் உதாரணத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அரட்டைக்குப் பழைய பதிவு பாரமில்லை. நேற்றுப் பேசியதை யாரும் தேடுவதில்லை. ரெட்டிட் அப்படியில்லை. "எந்த மிக்ஸி நல்லது" என்று தேடுகிற கோடிக்கணக்கானவர்கள் உறுப்பினர்களே அல்ல, தேடுபொறியிலிருந்து வருகிறவர்கள். பிப்ரவரி 2024-இல் கூகுளோடு ஆண்டுக்கு 6 கோடி டாலர் ஒப்பந்தம் என்று செய்தி வந்தது. அதே ஆண்டு நடுவில் மற்றத் தேடுபொறிகளின் ஊர்விகளுக்கு (பக்கங்களைப் படித்துப் பட்டியலிடும் நிரல்கள்) கதவை அடைத்தார்கள். பதினெட்டு வருடம் மக்கள் சம்பளமில்லாமல் எழுதிய பதில்கள்தான் அந்தச் சரக்கு.

பழைய பதிவுகளோடு இடம் மாறிய உதாரணம் விக்கிவாயேஜ் என்ற பயண வழிகாட்டித் தளம். அதற்கு முந்தைய தளமான விக்கிடிராவலை நடத்திய நிறுவனத்தோடு ஒத்துப்போகாமல் எழுதுகிறவர்களும் நிர்வாகிகளும் கிளம்பினார்கள். இரண்டு தன்னார்வலர்கள்மீது வழக்குக்கூட வந்தது. ஆனால் உரிமம், யாரும் நகலெடுத்துப் பயன்படுத்த அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் என்பதால் கட்டுரைகளை முழுதாக எடுத்துப்போக முடிந்தது. ஜனவரி 2013-இல் விக்கிமீடியாவின் கூரையின் கீழ் தொடங்கியது. ஆட்கள், நிர்வாகிகள், பழைய எழுத்து மூன்றும் சேர்ந்து போயின. ஆகையால் இன்று எந்தத் தளத்தில் குழு தொடங்கினாலும், உறுப்பினர் எழுதுவதற்குத் திறந்த உரிமம் வையுங்கள். குழு விதிகளில் ஒரு வரி. பத்து வருடம் கழித்துக் கிளம்ப நேர்ந்தால் அந்த ஒரு வரிதான் சொத்து.

---

#14 மாலைவெயில்

ரெட்டிட்டிலேயே மறுபடி கதவடைத்துப் போராடலாம் என்று யோசிப்பவர்கள் கவனத்துக்கு: செப்டம்பர் 2024 இறுதியிலிருந்து, பொதுக் குழுவைத் தனிக்குழுவாக மாற்ற நிர்வாகத்தின் ஒப்புதல் வேண்டும். 2023-இல் பயன்படுத்திய பூட்டு இப்போது மாடரேட்டர் கையில் இல்லை.

---

#15 குறிஞ்சிமலர்

ஒரு கடைசிக் கேள்வி. ஜூன் 2025-இல் லெம்.ஈஈ சர்வரை நடத்தியவர்கள் களைத்துப்போய் மூடினார்களே. நாம் போன சர்வரே மூடினால்?

---

#16 அஞ்சறைப்பெட்டி

அங்கே நடந்ததைப் பார்த்தால் பதில் கிடைக்கும். ஜூன் தொடக்கத்தில் அறிவித்து மாத இறுதியில் மூடினார்கள். தனி நபர்கள் அமைப்புப் பக்கத்தில் ஏற்றுமதி அழுத்திக் கோப்பை இறக்கி, புதிய சர்வரில் இறக்குமதி செய்தார்கள். சேர்ந்த குழுக்களும் தடுத்தவர்களின் பட்டியலும் வந்துவிடும். பழைய கணக்குப் பெயர் வராது, பழைய கமெண்டுகளின் உரிமை வராது. லெம்மியில் குழுக்களுக்கு அந்த வசதி இல்லை. புதிய சர்வரில் அதே பெயரில் தொடங்கி, பழையதில் முகவரியை மேலே ஒட்டிவைத்து, பதிவைப் பூட்டி, உறுப்பினர்கள் ஒவ்வொருவராக மறுபடி சேரக் காத்திருக்க வேண்டியதுதான்.

அதனால் தொடங்கும் நாளிலேயே செய்ய வேண்டியது: குழுவுக்கென்று ஒரு சொந்த டொமைன் பதிவு செய்து, ஒரே ஒரு எளிய பக்கம் வையுங்கள். "நாங்கள் இப்போது இங்கே இருக்கிறோம்" என்ற சுட்டி, விதிகள், விக்கியின் பிரதி, அஞ்சல் முகவரி கொடுக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு பெட்டி. ரெட்டிட் குழுவின் பக்கப்பட்டையிலும் அந்தச் சுட்டியையே கொடுங்கள், லெம்மி சுட்டியைக் கொடுக்காதீர்கள். டொமைனைப் புதுப்பிக்கும் கணக்கின் கடவுச்சொல் இரண்டு பேரிடமாவது இருக்கட்டும்; தானியங்கிப் புதுப்பிப்பில் கொடுத்த அட்டை காலாவதியாகும் மாதத்தைக் குறித்து வையுங்கள். பெரும்பாலும் அங்கேதான் அறுந்துபோகிறது.